ஜெர்மனிக்கு ஓ பேரா போறீங்களா? 280 யூரோவை நம்பி கடன் வாங்காதீங்க

பாலக்கோடு பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி மெயில் போட்டிருந்தாங்க. வயசு 24, பி.காம். ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை, கைக்கு 22,000 வருது, அதுல 10,000 வீட்டுக்குப் போகுது. ஒரு ஏஜென்ட், "ஜெர்மனியில குழந்தை பார்த்துக்கிற வேலை, தங்க இடம், சாப்பாடு ஃப்ரீ, இரண்டரை லட்சம் கட்டுங்க"ன்னு சொல்லியிருக்கார். அப்பா ஊர்ல மூணு ரூபா வட்டிக்கு வாங்கித் தரத் தயாரா இருக்கார். "போலாமா சார்?" இதுதான் கேள்வி.

போகலாமா வேண்டாமான்னு நான் சொல்ல முடியாது. ஆனா அந்தக் கடனை வாங்க வேண்டாம்னு உறுதியா சொல்லுவேன். ஏன்னு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

முதல்ல, ஓ பேர்ங்கிறது வேலை இல்ல. வெளிநாட்டு இளைஞர் ஒருத்தர் ஒரு குடும்பத்தோட தங்கி, குழந்தைகளையும் லேசான வீட்டு வேலையையும் கவனிச்சுக்கிட்டு, அந்த ஊர் மொழியைக் கத்துக்கிற ஏற்பாடு. 1969-லயே ஐரோப்பிய நாடுகள் இதுக்குன்னு ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. ஜெர்மனியில விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 27 வயசு முடிஞ்சிருக்கக் கூடாது, A1 அளவு ஜெர்மன் தெரிஞ்சிருக்கணும். ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரைக்கும், அதுவும் வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான். வேலை நேரம் நாளைக்கு 6 மணி, வாரத்துக்கு 30 மணிக்கு மேல போகக் கூடாது. வாரத்துல ஒன்றரை நாள் லீவு. தனி ரூம், சாப்பாடு, இன்சூரன்ஸ், மொழி வகுப்புக்கு மாசம் 70 யூரோ, எல்லாம் அந்தக் குடும்பத்தோட பொறுப்பு. கைக்கு வர்றது மாசம் 280 யூரோ. அதை அவங்க சம்பளம்னு சொல்றதே இல்ல, பாக்கெட் மணின்னுதான் சொல்றாங்க.

கணக்கு வசதிக்கு ஒரு யூரோ 100 ரூபாய்னு வச்சுக்குவோம். மாசம் 28,000. ஓசூர் சம்பளத்தை விட அதிகமா தெரியும். ஆனா செலவு யூரோவுல. போன் ரீசார்ஜ், ஷாம்பு, குளிருக்கு ஷூ, லீவு நாள்ல ரயில், மொழி வகுப்புக்கு அந்த 70 யூரோ பத்தாத மாசம் கைக்காசு. ரொம்பக் கட்டுப்பாடா இருந்தாதான் 100 யூரோ மிஞ்சும்னு நான் நினைக்கிறேன். அதாவது 10,000 ரூபாய். வெளியில பார்ட் டைம் பார்த்து சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க, இந்த விசாவுல அதுக்கு அனுமதி இல்ல.

இப்ப கடனைப் பாருங்க. இரண்டரை லட்சத்துக்கு மூணு வட்டின்னா மாசம் 7,500. மிச்சம் 2,500. அசல் அப்படியே நிக்கும். வீட்டுக்குப் போய்ட்டிருந்த 10,000-மும் நின்னு போச்சு. வருஷம் முடிஞ்சு திரும்பி வரும்போது அந்த இரண்டரை லட்சம் வாசல்ல காத்திருக்கும்.

ஏஜென்ட் கேட்கிற தொகையே எனக்கு உறுத்துது. அரசுகிட்ட பதிவு செஞ்ச ஆட்சேர்ப்பு ஏஜென்ட், நிஜமான வெளிநாட்டு வேலைக்கே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் சர்வீஸ் சார்ஜா வாங்கலாம். பாக்கெட் மணி ஏற்பாட்டுக்கு இரண்டரை லட்சமா?

நானே போடற பட்ஜெட் இது. இது என் உத்தேசம்தான், நீங்க விலை விசாரிச்சுக்கோங்க. A1 வகுப்பும் பரீட்சையும் 40,000. பெங்களூர்லயே மேக்ஸ் முல்லர் பவன் இருக்கு, தர்மபுரிக்காரங்களுக்கு சென்னையை விடப் பக்கம். விசா கட்டணம் 75 யூரோ, 7,500 ரூபாய். போற டிக்கெட் 40,000, துணிமணி 15,000, முதல் மாசத்துக்குக் கைக்காசு 30,000. மொத்தம் 1,32,500. டிக்கெட் பெரும்பாலும் நம்ம செலவுதான், குடும்பம் தரும்னு எதிர்பார்க்காதீங்க.

இதுக்கு மேல இன்னொரு 40,000 உங்க இந்திய அக்கவுண்ட்ல தொடாம இருக்கணும். திரும்பி வர்ற டிக்கெட் அது. இந்த வாழ்க்கையில பெரிய ரிஸ்க் இங்கதான் இருக்கு: முதலாளி வீடும் உங்க வீடும் ஒண்ணுதான். ஓசூர்ல வேலை போனா ஹாஸ்டல் ரூம் இருக்கும். அங்க அந்தக் குடும்பத்தோட ஒத்து வரலைன்னா, படுக்கிற இடமும் சேர்ந்து போகும். வேற குடும்பத்துக்கு மாறலாம், ஆனா அதுவரைக்கும் தங்கவும் சாப்பிடவும் காசு வேணும். கையில காசு இல்லாதவங்கதான் 30 மணி நேரம் 45 ஆனாலும் வாயைத் திறக்க மாட்டாங்க. போன நாள்ல இருந்தே ஒரு நோட்டுல நேரத்தை எழுதி வைங்க. அவங்க ராத்திரி வெளிய போய், தூங்குற குழந்தைக்கு நீங்க காவல் இருந்தாலும் அது வேலை நேரம்தான்.

போன ரெண்டு வாரத்துக்குள்ள அங்க முகவரியைப் பதிவு பண்ணணும். பேங்க் கணக்கு திறக்க அந்தப் பேப்பர் உதவும்.

இங்க பி.எஃப்.? எடுக்காதீங்க. அஞ்சு வருஷ சர்வீஸ் முடியறதுக்கு முன்னாடி எடுத்தா வரி விழும், பென்ஷனுக்குத் தேவையான 10 வருஷக் கணக்கும் திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கும். வட்டி பாட்டுக்கு வந்துட்டு இருக்கட்டும். வரியைப் பத்தி பயம் வேண்டாம், புது வரி முறையில 4 லட்சம் வரை வரியே கிடையாது. ஆனா திரும்பி வந்து இந்தியாவுல ரெசிடென்ட் ஆகிற வருஷம் ஜெர்மனி பேங்க் கணக்கு உங்க பேர்ல இருந்தா, வருமானம் குறைவா இருந்தாலும் ரிட்டர்ன் போட்டு அதைக் காட்டணும். பலரும் கோட்டை விடற இடம் இது. ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் பத்திரமா வைங்க.

இவ்வளவு சொல்லியும் இது மோசமான ஏற்பாடுன்னு நான் சொல்லல. ஒரு வருஷம் தங்கி B1, B2 வரை ஜெர்மன் படிச்சு, அங்கயே தொழிற்பயிற்சிக்குப் போறதுதான் திட்டம்னா, இது மலிவான மொழிப் படிப்பு. காசு சேர்க்கப் போற இடமா மட்டும் நினைக்காதீங்க.

அந்தத் தங்கச்சிக்கு நான் ஒரே ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்டேன்: உங்க 10,000 இல்லாம வீடு 12 மாசம் ஓடுமா? நாலு நாள் கழிச்சு பதில் வந்துச்சு. "தம்பி டிப்ளமோ முடிக்க இன்னும் எட்டு மாசம் இருக்கு சார். அதுவரைக்கும் ஓசூர்லயே இருந்து A1 படிக்கிறேன். மாசம் 8,000 ஆர்.டி. போடலாமா?" போடுங்கன்னு சொல்லியிருக்கேன்.