நெல்மணியின் புரதமும் நாகச் சத்தும்

வயல் எத்தனை புசல் நெல் தந்தது என்பதைக் கமக்காரர் அளந்து அறிவர். அம்மணிகளில் எவ்வளவு புரதம் அடங்கியுள்ளது என்பதோ அவ்வளவையிற் புலப்படுவதில்லை. தீட்டிய அரிசி 100 கிராமில் ஏறக்குறைய 7 கிராம் புரதமே உண்டு. சோற்றை முதன்மை உணவாகக் கொண்ட குடும்பங்களுக்கு, சிறப்பாக வளரும் சிறுவர்க்கு, அதுவும் குறைதல் நன்றன்று.

புரதத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பங்கு நைதரசனாகும். ஆதலால் கதிர் உருவாகும் காலத்தில் அளவோடு இடப்படும் யூரியா மணியின் புரதத்தை உயர்த்தும். ஆயினும் நைதரசன் மாத்திரம் போதாது. பயிர் உறிஞ்சிய நைதரசன் முதலில் அமினோ அமிலங்களாக மாறும். அவை இணைந்து புரதமாவதற்கு நாகம் இன்றியமையாதது. அவ்வமிலங்களுட் சிலவற்றிற்குக் கந்தகமும் வேண்டும். நாகம் குறைந்த பயிரில் அமினோ அமிலங்கள் புரதமாகாது தேங்கி நிற்கும். அந்நிலையில் யூரியாவை மேன்மேலும் இடுதல் வீண்செலவாம். பயிர் சாய்தலுக்கும் எரிபந்த நோய்க்கும் கபிலநிறத் தத்திகளின் பெருக்கத்திற்கும் அது வழிவகுக்கும்.

சுண்ணாம்பு மிகுந்த நிலத்திலும், நீர் வடியாது நெடுங்காலம் தேங்கும் வயலிலும் நாகக் குறைவு தோன்றும். மரக்கறிச் செய்கைக்குப் பொசுபேற்றுப் பசளையை மிகுதியாக இட்டபின் நெல் விளைவிக்கும் நிலத்திலும் இக்குறைவு நேரலாம். பொசுபேற்று மிகுந்தால் வேர் நாகத்தை எடுத்தல் குறையும்.

நடுகைக்குப்பின் 2 முதல் 4 கிழமைகளில் கீழிலைகளிற் துருநிறப் புள்ளிகள் காணப்படும். இளம் இலைகளின் நடுநரம்பு அடிப்புறத்தில் வெளிறும். பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாகி நிற்கும். இந்தியாவின் பந்த்நகரில் 'கைரா' எனப்பட்ட நெல் நோய்க்கு நாகக் குறைவே காரணமென 1966ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டப்பட்டது. ஆகவே, இவ்வறிகுறிகளைக் கண்டவுடன் பூஞ்சண நோயெனக் கருதி மருந்து வாங்குதல் கூடாது.

மண்ணைப் பரிசோதிப்பித்து, விவசாயப் போதனாசிரியர் கூறும் அளவில் நாகசல்பேற்றை அடிக்கட்டாக இடுக. நிற்கும் பயிரிற் குறைவு தோன்றின், 1 லீற்றர் நீருக்கு 5 கிராம் நாகசல்பேற்றும் 2.5 கிராம் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து, வடித்து, மாலையில் இலைகள் நனையத் தெளிக்கலாம். இப்பசளை கந்தகத்தையும் உடன் அளிக்கும். நாகம் போதியளவு உள்ள வயலில் மேலும் இடுவதாற் புரதம் பெருகுமென எதிர்பார்த்தல் தகாது.

மணியின் மேற்படையிலும் முளையிலும் நாகம் செறிந்துள்ளது. ஆதலால் வீட்டுத் தேவைக்குரிய நெல்லை மிகையாகத் தீட்டாது குற்றுவித்து உண்பது நலம்.