எண்ணோடு இடம்பெயர்தல்: சொந்த ஐபி முகவரிகளை மேகக் கணிமைக்கு ஆயத்தப்படுத்துதல்

ஃபேரர் பார்க் வட்டாரத்தில் ரேஸ் கோர்ஸ் சாலை உண்டு; குதிரைப் பந்தயம் இல்லை. 1842-ஆம் ஆண்டு தொடங்கி அங்கிருந்த பந்தயத் திடல் 1933-இல் புக்கிட் தீமாவிற்கு இடம் மாறியது. பெயர் மட்டும் சாலையோடு தங்கிவிட்டது. முகவரி இடத்திற்கு உரியது, அங்கே இருப்பவருக்கு உரியதன்று என்பதே நாம் பழகிய வழக்கம். வீடு மாறினால் ஆறிலக்க அஞ்சல் குறியீடும் மாறுகிறது. கைத்தொலைபேசி எண்ணின் நிலை வேறு. சிங்கப்பூரில் 2008 ஜூன் முதல், தொலைத்தொடர்பு நிறுவனத்தை மாற்றிக்கொள்பவர் தம் பழைய எண்ணையே முழுமையாகத் தொடர்ந்து பயன்படுத்த முடிகிறது.

இணையத்தின் ஐபி முகவரி பெரும்பாலும் அஞ்சல் குறியீட்டைப் போன்றது. மேகக் கணிமை நிறுவனத்திடம் வழங்கியை வாடகைக்கு எடுப்பவருக்கு, அந்நிறுவனம் தன் இருப்பிலிருந்து ஓர் எண்ணை ஒதுக்குகிறது. வாடகை முடிந்தால் எண்ணும் கைவிட்டுப் போகும். ஆயினும் தமக்கெனப் பதிவுபெற்ற எண் தொகுதியை வைத்திருப்போர் அதனைத் தம்முடன் எடுத்துச் செல்லலாம். அமேசான் 2018-இல் இவ்வசதியை ஏற்படுத்தியது. மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகியவையும் இன்று அளிக்கின்றன.

பெயர் இருக்க எண் எதற்கு என்று மாணவர் வினவலாம். 2011 முதல் ‘.சிங்கப்பூர்’ எனத் தமிழ் எழுத்திலேயே முடியும் களப்பெயர்கூட நமக்கு உண்டு. பெயரை மாற்றாமல், அது சுட்டும் எண்ணை மட்டும் மாற்றிவிடலாமே! இணையத்தளத்தைப் பார்க்க வருவோரைப் பொறுத்தவரை அது போதும். ஆனால் எண்ணையே குறித்துவைத்திருப்போரும் உளர். சிராங்கூன் சாலையில் ஊருக்குப் பணம் அனுப்பும் நிறுவனம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். சென்னையிலுள்ள வங்கி, ‘இன்னின்ன எண்களிலிருந்து வரும் கட்டளைகளை மட்டுமே ஏற்க’ என்று தன் பாதுகாப்பு அரணில் எழுதிவைத்திருக்கிறது. நிறுவனம் மேகக் கணிமைக்கு மாறும் நாளில் எண்ணும் மாறினால், வங்கி தன் பட்டியலைத் திருத்தும்வரை கதவு அடைத்தே கிடக்கும். பத்து வங்கிகள் என்றால் பத்து ஒப்புதல்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை சம்பளத்தோடு வரிசையில் நிற்கும் தொழிலாளருக்கு இக்காரணங்கள் எவையும் தெரியப்போவதில்லை. பணம் போகவில்லை என்பது மட்டுமே தெரியும். மின்னஞ்சலும் இத்தகையதே. பல்லாண்டுகள் ஒழுங்காக அஞ்சல் அனுப்பிய எண்ணுக்கு நற்பெயர் உண்டு. புது எண்ணை ஐயத்தோடு பார்ப்பார்கள்.

இவ்வெண்கள் யாருடையவை? ஆசிய பசிபிக் வட்டாரத்திற்கு அவற்றைப் பகிர்ந்தளிப்பது ஆப்னிக் என்னும் பதிவகம். 1993-இல் தோக்கியோவில் முன்னோட்டத் திட்டமாகத் தொடங்கிய அது, இப்போது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இயங்குகிறது. நான்காம் பதிப்பு முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி. ஆப்னிக் தன் இறுதித் தொகுதியைத் தொட்டது 2011 ஏப்ரல் 15-ஆம் நாள். புதிதாகக் கேட்கும் உறுப்பினருக்கு இன்று அதிகபட்சம் 512 எண்களே கிடைக்கும். எனவே பழைய தொகுதி வைத்திருப்போர் அதனைச் சொத்தாகவே கருதுகின்றனர். கண்டிப்பாகச் சொன்னால் அது சொத்தன்று. பதிவேட்டின் வழி வந்த பயன்பாட்டுரிமை.

ஒற்றை எண்ணை எடுத்துச் செல்ல இயலாது. தொடர்ச்சியான 256 எண்களைக் கொண்ட தொகுதியே மிகக் குறைந்த அளவு, 203.0.113.0 முதல் 203.0.113.255 வரை என்பது போல. பொறியாளர்கள் இதனை ‘/24’ என எழுதுவர். அதனினும் சிறிய தொகுதிகளைப் பற்றிய அறிவிப்புகளை உலகத் திசைவிகளுள் பெரும்பாலானவை ஏற்பதில்லை.

ஆயத்தப் பணியின் பெரும்பகுதி உரிமையை மெய்ப்பிப்பதே. ஏன் இத்துணைக் கெடுபிடி? இணையத்தின் வலையமைப்புகள், ‘இந்த எண்கள் என்னிடம் உள்ளன’ என்று ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொண்டே வழி காண்கின்றன. அறிவிப்பவர் உண்மை சொல்கிறார் என்பது நெடுங்காலம் வெறும் நம்பிக்கையாகவே இருந்தது. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்க முனைந்து, அதன் 256 எண்களைத் தன்னுடையவை என அறிவித்தது. அறிவிப்பு எல்லை தாண்டிக் கசிந்தது. யூடியூப் அதுவரை 1,024 எண்களை ஒரே தொகுதியாக அறிவித்திருந்தது. சிறிய, நுட்பமான தொகுதிக்கே திசைவிகள் முதலிடம் தரும் என்பதால், உலகின் பல பகுதிகளிலிருந்து யூடியூபுக்குச் சென்ற போக்குவரத்து இரண்டு மணி நேரம்வரை பாகிஸ்தானுக்குத் திரும்பியது.

ஆகவே முதற்பணி, ஆர்ஓஏ எனப்படும் வழித்தட அனுமதி ஆவணத்தைப் பதிவகத்தில் உருவாக்குதல். ‘இத்தொகுதியை இந்த வலையமைப்பு அறிவிக்கலாம்’ என்பதே அதன் பொருள். அமேசானுக்கு 16509, 14618 ஆகிய இரு வலையமைப்பு எண்களையும் குறிப்பிட வேண்டும். பலர் இடறும் இடம் இதுதான். பழைய வலையமைப்புக்கு ஆவணம் எதுவும் இல்லாத நிலையில் புதியதற்கு மட்டும் அனுமதி எழுதினால், இன்னும் பழைய இடத்திலிருந்தே இயங்கும் எண்கள் அந்த நொடியிலிருந்து செல்லாத அறிவிப்புகளாகக் கருதப்படும். ஆவணத்தைச் சரிபார்க்கும் வலையமைப்புகள் அவற்றைத் தள்ளிவிடும். இடமாற்றம் முடியும்வரை இருவருக்கும் அனுமதி இருத்தல் வேண்டும். அனுமதியின் அளவும் அறிவிக்கப்போகும் தொகுதிக்குச் சரியாகப் பொருந்த வேண்டும்; தாராளம் காட்டினால் அதுவே பிறர் நுழையும் வழியாகும்.

அடுத்தது, மேகக் கணிமைக் கணக்கை வைத்திருப்பவரும் தொகுதிக்கு உரியவரும் ஒருவரே எனக் காட்டுதல். 2,048 இருமத் திறவுகோல் இணை ஒன்றை உருவாக்கி, பொதுத் திறவுகோல் அடங்கிய சான்றிதழைப் பதிவகத்தின் பொதுக் குறிப்பில் சேர்க்க வேண்டும். பின்னர்க் கணக்கு எண், எண் தொகுதி, காலாவதி நாள் ஆகியவற்றைக் கொண்ட செய்தியில் தனித் திறவுகோலால் மின்னிலக்கக் கையொப்பம் இடவேண்டும். பதிவேட்டைத் திருத்தும் அதிகாரம் உரியவருக்கே உண்டு. எனவே அங்குள்ள சான்றிதழோடு கையொப்பம் பொருந்தினால் ஐயம் நீங்குகிறது. முன்பு குப்பை அஞ்சலுக்கோ மோசடிக்கோ பயன்பட்ட தொகுதி இக்கட்டத்திலும் மறுக்கப்படலாம்.

சேர்க்கை முடிய ஒரு வாரம் வரை ஆகலாம். அக்காலத்தில் எண்கள் பழைய இடத்திலேயே இயங்கும். வழங்கிகளுக்கு எண்களை முன்னதாகவே இணைத்துவைத்து, குறித்த நேரத்தில் பழைய அறிவிப்பை நிறுத்திப் புதியதைத் தொடங்குவதே நன்று. அமேசானில் ஒரு தொகுதியை ஒரு நேரத்தில் ஒரு வட்டாரத்தில் மட்டுமே வைக்கலாம். சிங்கப்பூரில் வைத்தது மும்பையில் இராது.

செலவையும் கருத வேண்டும். 2024 பிப்ரவரி முதல் அமேசான் தன் பொது முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 அமெரிக்க வெள்ளி வாங்குகிறது. 256 எண்களுக்கு ஆண்டிற்கு ஏறத்தாழ 11,200 வெள்ளி. சொந்த எண்ணுக்கு இக்கட்டணம் இல்லை. பதிவக உறுப்பினர் கட்டணம் உண்டு.

பின்னாளில் அந்நிறுவனத்தைவிட்டு விலகுவோர், முதலில் அங்கே அறிவிப்பை நிறுத்தித் தொகுதியை விடுவிக்க வேண்டும். அதன் பிறகு, பதிவகத்தில் அதற்கு எழுதிக்கொடுத்த அனுமதியையும் நீக்கிவிட வேண்டும்.