ஈஸ்ட்டும் பூசணமே

தென்னம்பாளையில் வடியும் நீரா வெயில் ஏறினால் நுரைத்துக் கள்ளாகிவிடும் என்பதைப் பல்லடம் வட்டாரத் தென்னை விவசாயிகள் அறிவர். கள்ளுக்குத் தமிழ்நாட்டில் தடை உண்டு. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் பெற்று இறக்கும் நீராவோ புளிக்காமல் இருந்தால்தான் விலைபோகும். அதன் சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுவது ஈஸ்ட்.

ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 200 ஈஸ்ட் செல்களை வரிசையாக அடுக்கலாம். இத்தனை சிறியதைப் பாக்டீரியா என்று எண்ணத் தோன்றும். ஆனால் பாக்டீரியாவில் இல்லாத, உறையிட்ட உட்கரு இதில் உண்டு. பச்சையம் கிடையாது, ஆகவே செடியுமன்று. காளானைப் போலவே உணவை வெளியிலிருந்து உறிஞ்சுகிறது. செல்சுவரிலும் காளானில் உள்ள கைட்டின் இருக்கிறது. இழை ஓடாமல் மொட்டு விட்டுப் பெருகுவதுதான் நம்மை ஏமாற்றுகிறது. உணவு குன்றினால் சிறு பைக்குள் நான்கு வித்துகளை உண்டாக்கும். பைப்பூசணங்களின் அடையாளம் அது. ஜெர்மன் அறிஞர் ஷ்வான் 1837இலேயே இதைச் 'சர்க்கரைப் பூசணம்' என்றார்.

பூசணமாதலால் பாக்டீரியா மருந்து இதனிடம் பலிக்காது. பூசணக்கொல்லியைக் குடிக்கும் பொருளில் கலக்கவே கூடாது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அதன் காரம் ஈஸ்ட்டை அடக்கும். காசர்கோடு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் பனிக்கட்டிப் பெட்டியைப் பாளையில் பொருத்தினால் சுண்ணாம்பும் வேண்டாம். குளிரில் ஈஸ்ட் அடங்கிக் கிடக்குமே தவிரச் சாகாது. இறக்கிய பிறகும் விற்பனை வரை குளிர் விடக்கூடாது.