கண்ணுக்கு எட்டியதும் காதுக்கு எட்டாததும்

பாரிஸ் நகரத்து நோத்ர தாம் பேராலயத்தின் கூரை 2019 ஏப்ரல் 15 அன்று தீக்கிரையானபோது, மேற்கு வாயிலுக்கு மேலே வட்டப் பலகணியின் அடியில் வீற்றிருக்கும் குழாய் ஆர்கன் என்னும் மகா வாத்தியம் நெருப்புக்குத் தப்பியது. ஆயினும் கூரையின் ஈயம் எரிந்து பறந்த தூசி அதன்மேல் எங்கும் படிந்தமையால், 2020இல் அதன் பாகங்களைக் கழற்றித் துடைத்து, பின்னர் மீண்டும் பூட்டி, சந்தடி ஓய்ந்த இரவு வேளைகளில் மாதக்கணக்காகச் சுருதி கூட்ட வேண்டியதாயிற்று. 2024 டிசம்பர் 7 மாலை, பேராயர் லோரான் உல்ரிக் எட்டு முறை அழைக்க, நான்கு வித்துவான்கள் முறைவைத்து மனோதர்மமாக வாசித்து அதனை மறுமொழி கூறச் செய்த வைபவம் நேரலையாகப் பல தேசங்களுக்கும் சென்றது. அங்ஙனம் வந்து சேர்ந்தது எது, சேராதது எது என்பது விசாரிக்கத்தக்க விஷயம்.

அரிஸ்தீத் கவாயே-கோல் என்னும் ஆர்கன் செய்யும் கலைஞர் 1868இல் புதுப்பித்துத் தந்த இந்த ஆர்கனில் இன்று ஐந்து விசைப்பலகைகளும், பாதங்களால் வாசிக்கும் மிதிகட்டைகளும், ஏறத்தாழ 8,000 குழாய்களும் உள்ளன. ஒரு குழாய்க்கு ஒரே ஸ்வரம். விசையை அழுத்தியிருக்கும் வரை, துருத்தியின் காற்று உள்ளவரை, நாதம் தேயாமல் நிற்கும். 32 அடிக் குழாயின் அடிநாதமோ விநாடிக்குப் பதினாறு அதிர்வுகளே உடையது. மனிதச் செவியின் கீழெல்லையில் நிற்கும் அதனை, ஆலயத்தில் அமர்ந்திருப்பவர் காதால் கேட்பதைவிட ஆசனத்திலும் நெஞ்சிலும் நடுக்கமாக உணர்கிறார். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கிக்கு அதைத் தரும் சக்தி அறவே இல்லை. அந்நாதத்தோடு பிறக்கும் மேல் அதிர்வுகளை மட்டும் பெற்றுக்கொண்டு, அடிநாதத்தை மனமே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. ஊகம் செவிக்குப் போதும், உடலுக்குப் போதாது.

ஒலிவாங்கியை வைப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. விசையிலிருந்து விரலை எடுத்தபின்னரும் கல் மண்டபத்தில் நாதம் சில விநாடிகள் உலவுவதால், குழாய்களின் அருகே வைத்தால் ஸ்வரம் தெளிந்து மண்டபம் மறைந்துபோகும். தூர வைத்தால் மண்டபம் கிடைத்து ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கலங்கும். இரண்டையும் அளவாகக் கலப்பவரின் காதும் அன்றைய கச்சேரியில் பங்கு கொள்கிறது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் பீடத்தை நோக்கி அமர்ந்திருக்கும் பக்தர்கள், தம் முதுகுக்குப் பின்னே மாடத்தில் வாசிப்பவரைக் காண்பதே இல்லை. பாதத்தின் முனையும் குதிகாலும் மாறி மாறி மிதிகட்டைகளில் நடப்பதையும், ஒரு கை மேல் வரிசைக்குத் தாவும்போது மற்றொரு கை கீழே ஸ்வரத்தைப் பிடித்து நிற்பதையும் படக்கருவியே அருகில் காட்டுகிறது. மாணவருக்கு இது கிடைத்தற்கரிய பாக்கியம். ஆதலால், அடுத்த நேரலையைக் காண விழைவோர் நல்ல ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு, வாசிப்பவரின் பாதங்களிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பார்களாக.