செப்பனிட்ட கணினியும் செம்மையான கொடையும்



தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், பரணின் மேலோ அலமாரியின் அடித்தட்டிலோ, பழைய மடிக்கணினி ஒன்று உறங்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். மகன் கல்லூரியிற் சேர்ந்தபொழுது வாங்கியதாக இருக்கும். அவன் வேலைக்குச் சென்று புதியது வாங்கிவிட்டான். பழையதைக் கபாடிவாலாவிடம் எடைக்குப் போட இல்லத்தரசிக்கு மனம் இசையவில்லை. ஏழைப் பிள்ளை யாருக்கேனும் பயன்படுமே என்னும் எண்ணம் அவ்வப்பொழுது எழும். எழுந்தவாறே அடங்கியும் விடும். இவ்வெண்ணத்தைப் பெருமுயற்சியாக வளர்த்த நாடுகள் சில உள. அவற்றின் அநுபவத்திலிருந்து நாம் அறியத்தக்கவை பல.

பழைய பொருளுக்கு இத்துணைக் கவலை எதற்கு என்று கேட்கலாம். ஐக்கிய நாடுகளின் பல்கலைக்கழக ஆய்வாளர் 2004ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டனர். திரையோடு கூடிய ஒரு மேசைக் கணினியை ஆக்குவதற்கு 240 கிலோ நிலத்தடி எரிபொருளும், 22 கிலோ இரசாயனப் பொருள்களும், 1,500 கிலோ நீரும் செலவாகின்றன என்பது அவர்கள் கண்டது. மின்விசையை உண்டு பன்னாள் இயங்குவதனால் ஆகும் செலவினும் பிறப்பிப்பதற்கு ஆகும் செலவே மடிக்கணினி போன்றவற்றில் மிகுதி. ஆதலின், நான்காண்டு உழைத்த பொறி மேலும் நான்காண்டு உழைக்குமாயின், அது பெரும் சேமிப்பாகும். ஏழை நாட்டுப் பள்ளிக்கோ, புதியது வாங்கும் விலையிற் சிறு பங்கே செலவாகும்.

கனடா நாட்டில் 1993இல், அரசும் தனியாரும் கழித்த கணினிகளைச் செப்பனிட்டுப் பள்ளிகளுக்கு வழங்கும் திட்டம் தொடங்கியது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு, தென்னமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டரசு, 'கல்விக்குக் கணினிகள்' என்னும் பொருள்படும் பெயருடன் ஒரு திட்டத்தை 1990களின் இறுதியில் வகுத்தது. நிறுவனங்கள் கொடுத்த பழைய கணினிகள் பட்டறைகளுக்கு வந்தன. ஒவ்வொன்றும் திறந்து துடைத்துச் சோதிக்கப்பட்டது. பழுதான பாகத்தை வேறொன்றிலிருந்து எடுத்துப் பொருத்தினர். ஒன்றுக்கும் உதவாதவற்றைப் பிரித்தெடுத்து அப்புறப்படுத்தவும் ஏற்பாடு செய்தனர். பின்னரே அவை அரசுப் பள்ளிகளுக்குச் சென்றன. ஆசிரியர்க்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பைப் பல்கலைக்கழகங்கள் ஏற்றன. ஏட்டளவிற் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆயின், அத்திட்டத்தின் பயனை அளந்து பார்க்கவும் அந்நாட்டார் அஞ்சவில்லை. அவர்களைப் பாராட்டவேண்டியது இதற்காகவே. 97 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றுள் சிலவற்றுக்குக் கணினி வழங்கியும் ஏனையவற்றுக்கு வழங்காதும், குலுக்கல் முறையிற் பிரித்து ஈராண்டு கழித்து ஒப்பிட்டனர். இவ்வாய்வின் முடிவை உலக வங்கி 2009இல் வெளியிட்டது. கணினி பெற்ற பள்ளி மாணவரின் தேர்வு மதிப்பெண், பெறாதார் மதிப்பெண்ணினின்று குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடவில்லை! காரணம் ஆராய்ந்தபொழுது உண்மை வெளிப்பட்டது. மொழிப்பாடம் முதலியவற்றைக் கற்பிக்கும் கருவியாகக் கணினி அமையவேண்டும் என்பது திட்டத்தின் நோக்கம். வகுப்பறையிலோ, கணினியை இயக்குவது எப்படி என்று கற்பிப்பதோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. கருவி வந்து சேர்ந்தது. ஆசிரியரின் பாடமுறை மாறவில்லை. கணினிக் கொடையே வீண் என்று இதனைக் கொண்டு சொல்வாரும் உளர். அவர் கூற்று எனக்கு உடன்பாடன்று. கணினியைத் தொட்டறியாத சிற்றூர்ப் பிள்ளை அதனை இயக்கக் கற்றதே ஒரு பேறுதான். ஆனால் பெட்டி இறங்கிய அன்றே வேலை முடிந்தது என்று கருதுவாரை இவ்வாய்வு நன்கு இடித்துரைக்கின்றது.

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டு அநுபவம் மற்றொரு வகையில் அறியத்தக்கது. நைரோபி நகரில் 2002இல் தோன்றிய இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று, இங்கிலாந்து முதலிய நாடுகளின் அறநிலையங்கள் அனுப்பிய செப்பனிட்ட கணினிகளைப் பள்ளிகளுக்கு வழங்கியதுடன், அவை மூப்படைந்தபின் திரும்பப் பெற்றுப் பிரித்தெடுக்கும் பணியையும் மேற்கொண்டது. கொடுத்தவனே திரும்பவும் வாங்கிக்கொள்வது! நம் ஊர்க் கொடையாளர் பலர் எண்ணிப் பாராத செய்தி இது. ஸாம்பியா நாட்டின் மாச்சா என்னும் சிற்றூருக்கு 2010இல் இலண்டன் அறநிலையம் ஒன்று அனுப்பியது இன்னும் விந்தையானது: கப்பற் சரக்குப் பெட்டியையே அறையாக்கி, மேலே சூரிய ஒளித் தகடுகளைப் பதித்து, உள்ளே கணினிகளை அமைத்து அனுப்பினார்கள். மின்விசையையும் உடன் கொண்டு சென்ற கொடை அது.

இனி, மறுபக்கத்தையும் காண்போம். நைஜீரியாவின் லாகோஸ் துறைமுகத்துக்கு மாதந்தோறும் ஏறக்குறைய 500 பெட்டகங்கள் நிறையப் பழைய மின்னணுப் பொருள்கள் வந்திறங்கின என்றும், அவற்றுள் முக்காற் பங்கு வரை செப்பனிடவும் விற்கவும் இயலாத குப்பை என்று உள்ளூர் வணிகரே மதிப்பிட்டனர் என்றும், பேசல் செயற்குழு என்னும் அமைப்பு 2005இல் எழுதியது. ஏழைகளுக்கு உதவி என்றும், மறுபயன் என்றும் சீட்டு ஒட்டப்பட்ட குப்பை! செல்வ நாட்டில் கழிவகற்ற ஆகும் செலவைத் தவிர்க்கும் உபாயமே அது. கொளுத்திச் செம்பெடுக்கும் புகையைச் சுவாசிப்பவர் அவ்வூர்ச் சிறுவர். தில்லி வாழ் அன்பர்கள் இதனை அறிய லாகோஸ் வரை செல்லவேண்டியதில்லை. யமுனைக்கு அப்பாலுள்ள சீலம்பூரே போதும்.

இக்கேட்டைத் தடுக்க 1989இல் உருவான பேசல் உடன்படிக்கை, 2025 ஜனவரி முதல் நாள் தொட்டு, நச்சுடையதாயினும் அல்லதாயினும் எல்லா மின்னணுக் கழிவுக்கும், இறக்குமதி செய்யும் நாட்டின் முன்னிசைவு வேண்டும் என்று விதித்துள்ளது. நம் நாட்டிலும் பழைய கணினிகளை அயல்நாட்டிலிருந்து கொணரத் தனி அனுமதி பெறவேண்டும். கழிவு எது, கொடை எது என்று பிரிக்கும் கோடு எளியது: ஏற்றுமுன் சோதித்து, இயங்குகிறது என்று உறுதி செய்யப்பட்டதா என்பதே.

அயல்நாட்டுக் கதை போதும். வட இந்திய நகரொன்றில், நம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்திவந்த ஒரு சிறு மன்றத்தில் நானும் பங்குகொண்டிருந்தேன். ஓர் அலுவலகம் ஆறு மடிக்கணினிகளை அளித்தது. மாலை மரியாதையும் புகைப்படமும் குறைவின்றி நடந்தன. மறுநாள் திறந்து பார்த்தால், இரண்டுக்குச் சார்ஜர் இல்லை; ஒன்றின் மின்கலம் உப்பியிருந்தது; மற்றொன்று, பொறி விழித்தெழுமுன்னரே கடவுச்சொல் கேட்டு நின்றது. அச்சொல்லை அறிந்தவர் வேலை மாறிச் சென்றுவிட்டாராம். எஞ்சிய இரண்டு இயங்கின. அவற்றிலோ, அலுவலக ஊழியரின் சம்பளப் பட்டியல் அப்படியே இருந்தது!

இச்சம்பளப் பட்டியலைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கோப்பினை அழித்துவிட்டோம் என்று நாம் கருதுவது, நூலின் பொருளடக்கப் பக்கத்தைக் கிழிப்பதை ஒக்கும். உள்ளே பக்கங்கள் இருந்தவாறே இருக்கும். பழைய சுழலும் வன்தட்டு ஆயின், அதற்கென்றுள்ள மென்பொருள் கொண்டு முழுவதும் ஒருமுறை மேலெழுதிவிட்டால் போதும். எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகைச் சேமிப்பகத்தில் மேலெழுதுதல் எல்லா மூலைகளையும் எட்டாது; உற்பத்தியாளர் உள்ளமைத்துள்ள துடைப்புக் கட்டளையையே பயன்படுத்தவேண்டும். நல்ல செப்பனிடுவோர், பொறியின் வரிசை எண்ணைக் குறித்து, துடைத்ததற்குச் சான்றிதழும் தருவர், கேட்டு வாங்குக.

மற்றொன்று. விண்டோஸ் பத்தாம் பதிப்புக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. பதினோராம் பதிப்பையோ, பல பழைய பொறிகள் ஏற்பதில்லை. இதனாலேயே நல்ல கணினிகள் பல கழிக்கப்படுகின்றன. அவற்றில் விலையில்லா லினக்ஸ் மென்பொருளை நிறுவலாம். கேரளப் பள்ளிகள் பல்லாண்டாக இவ்வகை மென்பொருளையே கையாள்கின்றன. தமிழில் தட்டெழுதவும் இதில் வழி உண்டு.

எங்கள் மன்றத்துக் கணினிகளின் கதை பின்னர்ச் சிறிது தேறியது. அங்காடியில் தேடிச் சார்ஜர் இரண்டு வாங்கினோம். பழைய வன்தட்டுகளை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தினோம், லினக்ஸ் நிறுவினோம். நான்கு இயங்கலாயின. உப்பிய மின்கலத்தையும் கடவுச்சொல் கேட்ட கணினியையும், அரசிற் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பித்துச் சீட்டுப் பெற்றுக்கொண்டோம். அடுத்த ஆண்டு அதே அலுவலகம் மேலும் ஐந்து தர முன்வந்தபொழுது, புகைப்படத்துக்கு நாள் குறிக்குமுன் எங்கள் செயலர் ஒரு தாளில் நான்கு கேள்விகளை எழுதி அனுப்பினார். மூன்று கணினிகளே வந்தன, மூன்றும் இயங்கின.