காலை வணக்கத்துக்கு ஒரு குண்டுமல்லி

கெய்ரோவில் ஒரு டீக்கடைக்காரரிடம் "ஸபாஹ் எல்கேர்" என்று சொல்லிப் பாருங்கள். நன்மை நிறைந்த காலை என்று பொருள். அவர் அதையே திருப்பிச் சொல்லமாட்டார். "ஸபாஹ் என்னூர்" என்பார். அதாவது, ஒளி நிறைந்த காலை. கொஞ்சம் உற்சாகமாக இருந்தால் "ஸபாஹ் எல்ஃபுல்" என்பார். ஃபுல் என்பது வேறொன்றுமில்லை நேயர்களே, நம்ம ஊர் குண்டுமல்லிதான்! ரோஜாக் காலை உண்டு, பாலாடைக் காலைகூட உண்டு. நாம் ஒன்று கொடுத்தால், அதைவிட அழகாக ஒன்று திரும்பி வரவேண்டும் என்பது எகிப்தியர் கணக்கு.

எந்த நேரத்துக்கும் பொருந்துவது "அஸ்ஸலாமு அலைக்கும்".

கைகுலுக்க வலது கைதான். எதிரே இருப்பவர் பெண் என்றால், ஆண்கள் முந்திக்கொண்டு கையை நீட்டாமல் இருப்பது நல்லது. அவர் நீட்டினால் குலுக்கலாம். வலது கையைத் தம் நெஞ்சில் வைத்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். அது மறுப்பு அல்ல, அதுவும் வணக்கம்தான்.

அடுத்து "இஸ்ஸய்யக்?" என்று நலம் விசாரிப்பார்கள். பெண்களிடம் அது "இஸ்ஸய்யிக்?" ஆகிவிடும். பதிலுக்கு "அல்ஹம்துலில்லாஹ்", அதாவது இறைவனுக்கே புகழ், என்றால் போதும். வழி கேட்பது, விலை கேட்பது எல்லாம் அதற்கப்புறம்தான்.