மைட்டர் ரம்பத்துக்கு நாமே செய்யும் இடைத்தட்டு

பின்னம் கற்பிக்க மரத்துண்டுகள் வேண்டுமென்று அருகிலுள்ள தொடக்கப்பள்ளி ஆசிரியை கேட்டிருந்தார். 12 செ.மீ. கட்டை முழுமை என்றால் 1 செ.மீ. துண்டு பன்னிரண்டில் ஒன்று. எங்கள் தொழிற்கல்விப் பட்டறையின் மைட்டர் ரம்பத்தில், நீண்ட ரீப்பரிலிருந்து ஒவ்வொன்றாக அறுத்தேன். நான்காவது துண்டு பறந்துபோய்ச் சுவரில் மோதியது. நான் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்தேன். மாணவர்கள் தள்ளி நின்றார்கள். யாருக்கும் அடியில்லை. ஆனாலும் வேலையை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

காரணத்தை மாணவர்களோடு தேடினேன். ரம்பத்தின் மேசையில் பிளேடு இறங்குவதற்குப் பிளவுள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருக்கும். பிளேடைச் சாய்த்தும் அறுப்பதால் பிளவு அகலமாகவே இருக்கும். எங்கள் தட்டில் அது தேய்ந்து 12 மி.மீ. ஆகியிருந்தது. பிளேடு அறுக்கும் அகலமோ 3 மி.மீ. மட்டுமே. சிறு துண்டு அந்த இடைவெளியில் சரிந்து, சுழலும் பற்களில் சிக்கியிருக்கிறது. கட்டையின் அடியில் பிசிறு எழுவதும் இதனால்தான். பற்கள் வெளியேறும் இடத்தில் மரநாரைத் தாங்க எதுவுமில்லை.

புதிய தட்டை இப்படிச் செய்தோம்:

1. மின் இணைப்பைத் துண்டித்து, பழைய தட்டைக் கழற்றினோம்.

2. தட்டு அமரும் பள்ளத்தின் ஆழத்தை இயற்பியல் ஆய்வக வெர்னியரால் மாணவர்கள் அளந்தார்கள். 4 மி.மீ. பிளைவுட் பொருந்தியது.

3. பழைய தட்டை அதன்மேல் வைத்துக் கோடிட்டு, கைரம்பத்தால் அறுத்து, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தோம். பிளவை மட்டும் வெட்டவில்லை.

4. திருகின் தலை பலகைக்குள் புதையும்படி துளைவாயை அகலப்படுத்தி முடுக்கினோம்.

5. மேசையின் குறுக்கே ஸ்கேலை வைத்துப் பார்த்தோம். தட்டு உயர்ந்தால் கட்டை இடறும், தாழ்ந்தால் தாங்காது. மின்சாரம் இல்லாமலே பிளேடைக் கையால் தட்டு வரை இறக்கி, அதன் வழியில் திருகு இல்லை என்று உறுதி செய்தோம்.

6. பிறகு மின் இணைப்புக் கொடுத்து, பிளேடு முழு வேகம் பெற்றபின் மெதுவாக இறக்கினேன். அது தன் அகலத்துக்கே பிளவை அறுத்துக்கொண்டது. சுழற்சி நின்றபின்பே மேலே தூக்கினேன்.

மேசையைத் திருப்பி 45° அறுக்கவும் இதே தட்டு போதும். பிளேடும் தட்டும் சேர்ந்தே திரும்புகின்றன. பிளேடைச் சாய்த்து அறுக்க மட்டும் தனித்தட்டு வேண்டும்.

இப்போது துண்டுகள் சிக்குவதில்லை. அடிப்பக்கமும் பிசிறின்றி வருகிறது. ஆனாலும் தட்டு மாற்றியதால் எச்சரிக்கை குறையக்கூடாது. பிளேடிலிருந்து 15 செ.மீ. தள்ளியே கை இருக்க வேண்டும். ரம்பத்தை ஆசிரியரே இயக்க வேண்டும்.

“12 துண்டுக்கு 12 செ.மீ. ரீப்பர் போதுமா ஐயா?” என்றார் ஒரு மாணவர். புதிய பிளவைக் காட்டினேன். அவரே கணக்குப் போட்டார்: 11 வெட்டு, ஒவ்வொன்றிலும் 3 மி.மீ. தூள், மொத்தம் 15.3 செ.மீ. “கையால் பிடிக்கவும் நீளம் வேண்டுமே!” என்று அவரே சேர்த்துக்கொண்டார். உங்கள் பட்டறை ரம்பத்தின் பிளவையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.